ஹில்டாவின் கைஜாடை

ஹில்டாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் முட்டாள்தனத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. ஒருவருடைய கெட்டிக்காரத்தனம் நன்றாகத் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஒரு முட்டாள் நிற்க வேண்டும். அந்த வேலையை 1997-ஆம் வருடம் முழுக்க நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன்.

அவள் என்னைவிட ஏழு வயது மூத்தவள். நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அவள் என்றுதான் வருகிறது. கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபம் வந்தாலும் வாயைத் திறக்காமல் கையால் காட்டுவாள், அது போதும் எனக்கு.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா செபாஸ்டியன் திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். ஹில்டா ஷார்ட்ஹேண்ட் ஹையர் பரீட்சை எழுதிய வருடம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு அம்மா ஞானகுமாரியும் மகளும் நெமிலிச்சேரியில் ஓர் ஓட்டு வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் ஹில்டா ஒருத்திதான். இருபது வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு டைப்பிஸ்டாக வந்தவள், பத்து வருடம் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோதும் அதே நாற்காலியில் அதே கோடு போட்ட குஷன்மேல் உட்கார்ந்திருந்தாள். தட்டச்சு இயந்திரம் மட்டும் கம்ப்யூட்டராக மாறியிருந்தது.

கம்பெனியின் பெயர் வேண்டாம். வால்வுக்கான உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கிற நாற்பது பேர் கம்பெனி. முதலாளி குணசேகரன், எங்களுக்கு எம்.டி. தானும் ஒரு காலத்தில் லேத்தில் நின்றவர்தான். உழைத்து மேலே வந்தவர், குரல் பெரியது, மீசை அதைவிடப் பெரியது. அவர் வெளிநாட்டிலிருந்து பழைய மெஷின்கள் மூன்றை வாங்கி இறக்கியிருந்தார். மூன்றையும் ஓட்டுவது ஒரு கம்ப்யூட்டர். அதைப் பொருத்த வந்தவன், தூசி ஆகாது, சூடு ஆகாது என்று பயமுறுத்திவிட்டுப் போனதால், ஷெட்டின் மூலையில் கண்ணாடி ஜன்னல் வைத்து ஒரு ஏ.சி. ரூம் கட்டினார்கள். ஹில்டாவின் மேஜையும் அதற்குள்ளேயே போனது. வாசலில் ஒரு போர்டு: காலணிகளை வெளியே கழற்றவும்.

கோயிலுக்குள் செருப்போடு போனாலும் போவோம், கம்ப்யூட்டர் ரூமுக்குள் போக மாட்டோம். அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் இதே கதைதான். எங்கள் கம்பெனியில் எம்.டி. ஒருவருக்குத்தான் விலக்கு. அவர் மட்டும் டக் டக்கென்று ஷூவோடு உள்ளே வருவார். மெஷினில் நிற்கிறவர்களோ கணுக்கால்வரை கயிறு கட்டிய கனமான பூட்ஸ் போட்டவர்கள். கழற்ற இரண்டு நிமிடம், மாட்ட மூன்று நிமிடம்.

என் வேலை என்ன என்று இப்போது சொல்கிறேன். மெஷினை ஓட்டும் அந்தக் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால், கறுப்புத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும் நூறு வரிகளுக்கு நடுவே ஒரு வரியாக அது வந்து, மேலே போய், மறைந்துவிடும். ஒருவரும் பார்ப்பதில்லை. எதிர் மேஜையில் ஹில்டாவின் கம்ப்யூட்டரில் எப்போதும் ஆள் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயரை இழுத்து, கோளாறு வந்ததும் ஹில்டாவின் திரை நடுவில் ஒரு பெட்டி குதித்து நிற்க வேண்டும். எந்த மெஷின், என்ன கோளாறு, கீழே ஓகே என்று ஒரு பொத்தான். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த சூட்டோடு வந்த எனக்கு வயது இருபத்து மூன்று. ஒரு வாரத்தில் செய்து முடித்து, 'ணங்' என்று ஒரு சத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். எம்.டி. என் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் ஹில்டா கூப்பிட்டாள்.

"ஜானகிராமன், உங்க பெட்டி வருது, ஆனா நிக்க மாட்டேங்குது."

"அது எப்படி? ஓகே அழுத்தினாத்தான் போகும்."

"நான் அழுத்திடுறேனே. லெட்டர் அடிச்சிட்டே இருக்கேன். வரி முடிஞ்சா என்டர் தட்டுவேன். அந்த நேரம் பார்த்து உங்க பெட்டி வந்து நின்னா, அந்த என்டர் அதுமேல விழுந்து ஓகே ஆயிடுது. என்ன எழுதியிருந்துச்சுன்னுகூடப் பார்க்க முடியல."

நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிற விரல்கள் அவை. என் பெட்டி கண் சிமிட்டுவதற்குள் செத்துக்கொண்டிருந்தது. அதுகூட எனக்குத் தோன்றவில்லை. "மெதுவா அடிங்க மேடம்" என்றேன். பார்த்தாளே ஒரு பார்வை, அன்றோடு மேடம் அக்கா ஆகிவிட்டாள். மவுஸை வைத்து அழுத்தினால்தான் பெட்டி மூடும் என்று மாற்றிக் கொடுத்தேன். ஆனால் வந்த கோளாறுகளை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குப் புத்தி போகவில்லை. ஓகே அழுத்தினால் பெட்டி போய்விடும், போனது போனதுதான். ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை.

எழுதியவள் ஹில்டா. யாரும் சொல்லாமலேயே, மேஜையில் ஒரு ஷார்ட்ஹேண்ட் நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி. மணி, மெஷின் நம்பர், கோளாறு, யாரிடம் சொன்னாள் என்பது. எல்லாம் அந்தக் கொக்கியும் வளைவுமான எழுத்தில். கோழி கிளறியது மாதிரி இருக்கும். கம்பெனியில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவள் ஒருத்திதான்.

இப்போது கைஜாடைக்கு வருகிறேன். பெட்டி வந்ததும் மெஷினில் நிற்கும் ஆளுக்குச் சொல்ல வேண்டும். ஏ.சி. போய்விடும் என்பதால் ஜன்னல் திறக்கக் கூடாது. கத்தினாலும் ஷெட் இரைச்சலில் கேட்காது. அவர்கள் உள்ளே வந்து பார்க்கலாம் என்றால் பூட்ஸ். இரண்டாம் மெஷினில் நின்ற வேம்புலிதான் முதலில் அலுத்துக்கொண்டார். குத்தம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், நாற்பது வயது, நான்கு பிள்ளைகள்.

"இன்னா இல்டாம்மா, பூட்ஸ கயட்டி மாட்றதுக்குள்ள டீ டைமே பூடுது. உன் பொட்டி எதுக்கு என்னைக் கூப்புடுதுன்னு அங்கயே நின்னுகினு தெரிஞ்சிக்கற மாதிரி எதுனா பண்ணு."

மறுநாள் பெட்டி குதித்தபோது ஹில்டா எழுந்து கண்ணாடி அருகே போனாள். இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, தீபாவளிக்கு எண்ணெய் தேய்ப்பது மாதிரி நன்றாகத் தேய்த்தாள். வேம்புலி ஒரு நிமிடம் விழித்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே போய் இரண்டாம் மெஷினுக்கு எண்ணெய் ஊற்றினார். கிறிஸ்தவப் பெண்ணுக்கு எண்ணெய்க் குளியல் எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு எல்லாப் பண்டிகையும் சொந்தம்.

ஒரே மாதத்தில் அது ஒரு மொழியாகவே வளர்ந்துவிட்டது. கட்டை விரலை வாயருகே கொண்டுபோனால் மெஷினுக்குத் தண்ணீர் குறைவு. புடவைத் தலைப்பால் விசிறினால் காற்று அழுத்தம் போதவில்லை. ஒரு விரலை மற்றொரு கையால் ஒடிப்பது மாதிரி செய்தால் டூல் உடைந்தது. கதவு சரியாக மூடவில்லை என்றால் காதைத் திருகுவாள். என்ன கோளாறு என்று பெட்டிக்கே தெரியாமல் வெறும் நம்பர் மட்டும் வந்தால் சிலுவைக் குறி போடுவாள். அப்படியென்றால் மெஷினை நிறுத்திவிட்டு ஜானகிராமனைக் கூப்பிடு என்று அர்த்தம். இதில் எனக்குப் பெருமையா அவமானமா என்று இன்றுவரை தெரியவில்லை.

கோளாறில் சேராத ஒரு ஜாடையும் உண்டு. மீசையை முறுக்குவாள். எம்.டி. அறையை விட்டுக் கிளம்பிவிட்டார், பீடியை அணையுங்கள் என்று பொருள். இது எம்.டி.க்கு மட்டும் தெரியாது.

ஹில்டா கை காட்டினால் தப்பாது என்று ஷெட்டில் ஒரு பேர் ஆகிவிட்டது. அந்த நல்ல பேரே ஒருநாள் வேம்புலியின் கழுத்துக்குச் சுருக்காக வந்தது.

அது செப்டம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஷெட்டைப் பார்க்க மூன்று பேர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். காலையிலேயே எம்.டி. ஹில்டாவிடம் சொல்லிவிட்டார்: "அந்த ஜன்னல் டான்ஸ் இன்னைக்கு வேணாம்மா. வர்றவங்க பெரிய எடம். சர்க்கஸ் கம்பெனின்னு நெனைச்சுக்குவாங்க."

நான் அப்போது வெளியே மூன்றாம் மெஷினின் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஏ.சி. ரூமுக்குள் நடந்தது பிறகு ஹில்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்தவர்களை ஷூவோடே உள்ளே அழைத்துக்கொண்டு போனார் எம்.டி. ஹில்டாவை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் தான் உட்கார்ந்து, ஆர்டரெல்லாம் கம்ப்யூட்டரில் எப்படி இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். ஹில்டா காபி டம்ளர்கள் அடுக்கிய தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அப்போதுதான் 'ணங்' என்றது. திரை நடுவில் பெட்டி. மெஷின் இரண்டு, எண்ணெய் அழுத்தம் குறைவு.

டை கட்டியவரில் ஒருவர் அது என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார், சும்மா ஒரு ரிமைண்டர்" என்று சொல்லி எம்.டி. ஓகேயை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

ஹில்டா தட்டை வைக்க இடம் தேடினாள். எம்.டி. திரும்பிப் பார்த்து, காபியைக் கொடு என்று கண்ணால் சொன்னார். கொடுத்தாள். ஒவ்வொருவராக எடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டு, காலி டம்ளர்களை வாங்கி முடிய பத்து நிமிடம். பிறகு ஜன்னலுக்குப் போய்த் தலையைத் தேய்த்தபோது வேம்புலி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடியைத் தட்டலாமா என்று கையை ஓங்கினாள். பின்னால் எம்.டி.யின் செருமல் கேட்டது. கையை இறக்கிவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு முன்பே இரண்டாம் மெஷின் ஒரு அலறல் அலறி நின்றது. கடைசல் துண்டைப் பிடித்துச் சுழற்றுகிற தண்டு எண்ணெய் இல்லாமல் காய்ந்து, இறுகிப் பிடித்துக்கொண்டுவிட்டது. அதைப் பிரித்து மாற்ற வெளிநாட்டிலிருந்து சாமான் வர வேண்டும். வந்திருந்த மூவரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காரில் ஏறினார்கள்.

எம்.டி.யின் கோபம் நேராக வேம்புலிமேல் பாய்ந்தது. "நான் வேணாம்னு சொல்லியும் அந்தப் பொண்ணு ஜன்னலுக்குப் போய்க் கை காட்டியிருக்கும். அது ஒருநாளும் தவறினதில்ல. நீதான் பார்த்துட்டு சும்மா இருந்திருக்கே."

"இல்ல சார், அந்தம்மா கை காட்டல. காட்டியிருந்தா ஓடியாந்திருப்பேன். என் கொயந்திங்க மேல சத்தியமா சொல்றேன் சார்."

"திங்கக்கிழமை ஹில்டா நோட்டைப் படிக்கச் சொல்றேன். அதுல இருந்துச்சுன்னா அன்னைக்கே கணக்கு முடிச்சிட்டுப் போயிடு."

சத்தியமாகச் சொல்கிறேன், எம்.டி. நடிக்கவில்லை. தான் ஓகே அழுத்தியதே அவருக்கு ஞாபகம் இல்லை. முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டுவதுபோல் ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷனில் ஆவடிப் பக்கம் போகிற ரயிலுக்கு நின்றோம். நான் ஆவடியில் இறங்குவேன். அவள் பட்டாபிராமில் இறங்கி நெமிலிச்சேரிக்கு நடப்பாள். முதல் வண்டியை விட்டுவிட்டாள். இரண்டாவதையும் விட்டபோதுதான் நடந்ததையெல்லாம் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"ஓகே யார் அழுத்தினாங்கன்னு உன் கம்ப்யூட்டர்ல இருக்குமா ஜானகி?"

"இருக்காதுக்கா. எதுவுமே இருக்காது."

"அப்ப என் நோட்ல மட்டும்தான் இருக்கு."

"என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"நடந்ததை."

எனக்குப் பயம் வந்தது. வேம்புலிக்காகவா? இல்லை. எனக்காகத்தான். எழுதி வைக்காத மென்பொருள் யாருடையது, யார் அழுத்தினாலும் ஊமையாக மறைகிற பெட்டி யாருடையது என்று பேச்சு வந்தால் முதலில் என் சீட்டுத்தான் கிழியும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது நான் சொன்னது இது: "அக்கா, அது ஷார்ட்ஹேண்ட்தானே? உங்களைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது. சீட்ல நான் இல்ல, பார்க்கலன்னு படிச்சிட்டுப் போங்களேன். அம்மா இருக்காங்க, வாடகை இருக்கு. எம்.டி. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு அங்க வேலை பார்க்க முடியுமா?"

அவள் என்னைத் திட்டவில்லை. பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். அந்தப் பக்கத்தைப் பிரித்து, கோழி கிளறிய அந்த ஒரு வரியை விரலால் தடவினாள்.

"பார்க்கலன்னு படிச்சா பழி வேம்புலி அண்ணன் மேலயே நிக்கும். நான் கை காட்டலன்னு அவர் சொல்றாரு. அது நெசம். முதுகுக்குக் காட்டினது கணக்குல வராது. நான் கை காட்டியிருப்பேன்னு எம்.டி. நம்புறாரு. பத்து வருஷமா ஒழுங்கா வேலை பார்த்தேன் பாரு, அந்த ஒழுங்கை வச்சு ஒரு மனுஷன் வேலையை எடுக்கப் போறாங்க. இதுக்கா நான் ஒழுங்கா இருந்தேன்?"

கண்ணில் தண்ணீர் நின்றது. மூன்றாவது வண்டி வந்தது. ஏறிக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. ஏ.சி. ரூமில் எம்.டி., நான், ஹில்டா, வேம்புலி. வேம்புலி பூட்ஸைக் கழற்றிவிட்டு, சாக்ஸ் ஓட்டையில் தெரிந்த பெருவிரலை மற்ற காலால் மறைத்துக்கொண்டு நின்றார். எம்.டி. நாற்காலியில் ஷூக்காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"படிம்மா. சனிக்கிழமை."

ஹில்டா நோட்டைப் பிரித்தாள். லெட்டர் படித்துக் காட்டுகிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள்.

"ஒன்பது பத்து. மெஷின் ஒன்று. தண்ணீர் குறைவு. பழனியிடம் சொன்னேன். பத்து இருபத்தைந்து. மெஷின் மூன்று. கதவு. ஜானகிராமனிடம் சொன்னேன். பதினொன்று நாற்பது. மெஷின் இரண்டு. எண்ணெய் அழுத்தம் குறைவு. எம்.டி. ஓகே அழுத்தினார். நான் சொல்லவில்லை."

கடைசி இரண்டு வார்த்தையை அவள் படிக்காமல் விட்டிருக்கலாம். பழி முழுவதும் எம்.டி.மேல் போயிருக்கும். படித்தாள். எனக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. சனிக்கிழமையே, யாரும் கேட்பதற்கு முன்பே, தன் தப்பையும் அதே கொக்கி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

எம்.டி.யின் கால் ஆட்டம் நின்றிருந்தது. முகத்தில் ரத்தம் ஏறியது தெரிந்தது. ரிமைண்டர் என்று தான் சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எழுந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வேம்புலியை அடுத்த தகவல்வரை வீட்டில் இருக்கச் சொல்லி மதியம் உத்தரவு வந்தது.

செவ்வாய்க்கிழமை எம்.டி. ஹில்டாவைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. டைப் செய்ய வேண்டிய லெட்டர்கள் வேறு ஆளிடம் போயின. சாயங்காலம் அவள் கோடு போட்ட குஷனை எடுத்துப் பைக்குள் வைத்தாள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த மாதா படத்தை உருவி நோட்டுக்குள் சொருகினாள்.

"எதுக்குக்கா?" என்றேன்.

"அவங்க போகச் சொல்லி அவசர அவசரமா எடுத்தா படம் கிழிஞ்சிடும்" என்றாள்.

அன்று எனக்கு என்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. ரயிலில் அவளிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

புதன்கிழமை எம்.டி. என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். போச்சு என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"உன் பெட்டியில ஓகேன்னு ஒண்ணு வச்சிருக்கே இல்ல?"

"ஆமா சார்."

"யார் வேணா அழுத்தலாமா?"

"ஆமா சார்."

"அதை எடு. யார் பார்த்தாங்க, யார்கிட்ட சொன்னாங்க, ரெண்டு பேரையும் அடிச்சாத்தான் பெட்டி மூடணும். அடிச்சது அழியக் கூடாது. நாளைக்குள்ள பண்ணு." தலை நிமிராமலே இன்னொன்றும் சொன்னார்: "பழசையும் ஏத்த முடியணும். சனிக்கிழமை வந்ததை."

வியாழக்கிழமை காலை வேம்புலியை வரச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று அவருக்குச் சொல்லவில்லை. பிரித்துப் போட்ட இரண்டாம் மெஷின் பக்கத்தில், வேலை போயிற்று என்றே முடிவு கட்டியவராகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். நான் மாற்றிய மென்பொருளை ஹில்டாவின் கம்ப்யூட்டரில் ஏற்றி, சனிக்கிழமைப் பெட்டியைத் திரையில் நிறுத்தி வைத்திருந்தேன்.

எம்.டி. வந்தார். டக் டக் சத்தம் வாசலில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தொந்தி இடித்தது, மூச்சு வாங்கியது. கழற்றிய ஷூவை எங்கள் செருப்புகளோடு வரிசையாக வைத்துவிட்டு, சாக்ஸ் காலோடு உள்ளே வந்தார்.

ஹில்டா எழுந்து நாற்காலியை விட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பார்த்தவர் யார் என்ற இடத்தில் தன் முழுப் பெயர். யாரிடம் சொன்னார் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. பிறகு அடித்தார்: நோபடி.

பெட்டி மூடியது.

"ஏம்மா, குஷன் எங்கே?" என்றார். "நாளைக்குக் கொண்டாந்துடு. வெறும் நாற்காலியில உக்காந்தா இடுப்பு போயிடும்." பிறகு ஜன்னலைக் காட்டினார். "வேம்புலிகிட்ட சொல்லிடு. உள்ள கூப்பிட வேணாம், பூட்ஸ் கழட்டணும். உன் பாஷையிலயே சொல்லு."

ஹில்டா கண்ணாடிக்குப் போனாள். ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினாள். சனிக்கிழமை தட்டாத தட்டு. வேம்புலி நிமிர்ந்து பார்த்தார். இரண்டு விரல் காட்டினாள். தலையில் எண்ணெய் தேய்த்தாள். அப்புறம் கை நின்றுவிட்டது. அடுத்த சொல்லுக்கு அவளிடம் ஒரே ஒரு ஜாடைதான் இருந்தது, அந்த ஜாடைக்கு உரியவர் இரண்டடி பின்னால் நின்றார். என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல், காற்றில் மீசையை எடுத்து இரண்டு பக்கமும் நன்றாக முறுக்கினாள்.

"மீசை யாரு?" என்றார் எம்.டி.

"நீங்கதான் சார்" என்றேன். பெட்டி விஷயத்தில் 'ஆமா சார்' தவிர நான் அவரிடம் வாய் திறந்து சொன்ன முதல் உண்மை அது.

அவர் கை தானாக மீசைக்குப் போயிற்று. ஹில்டா தொடர்ந்தாள். ஆள்காட்டி விரலை நீட்டி ஒரு தரம் அழுத்திக் காட்டினாள். கடைசியாகத் தன் மார்பைத் தொட்டு, உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கை வாயிலேயே இருந்தது. கண்கள் நிறைந்துவிட்டன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேம்புலி ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. எங்கள் மூவரையும் பார்த்தார். எம்.டி.யின் சாக்ஸ் காலையும் பார்த்தார். புதுச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி, ஹில்டாவுக்கு எதிரே, காற்றில் ஒரு தரம் மெதுவாக அழுத்தினார்.

ஓகே.

அழுத்திவிட்டு, மேஜையிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு, பிரித்துக் கிடந்த மெஷினுக்குள் குனிந்தார்.